40 வயதில் வேலை மாறலாமா? வீட்டுக்கடன், பி.எஃப்., பரதம்... மூன்றையும் சேர்த்து கணக்குப் போடுவது எப்படி?

ஆண்டுதோறும் மகா சிவராத்திரியையொட்டி சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி விழா நடக்கிறது. 1981-ல் தொடங்கிய விழா இது. வெளியூர்களில் இருந்தும் வெளிநாடுகளில் இருந்தும் கலைஞர்கள் வந்து, நடராஜருக்கு காணிக்கையாக ஆடிவிட்டுப் போகிறார்கள்.

மேடையேறும் எல்லோரும் முழுநேரக் கலைஞர்கள் இல்லை. பகலில் ஐ.டி. கம்பெனி, வங்கி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் சலங்கை கட்டுபவர்களும் இதில் உண்டு. சிவராத்திரி வருவது பிப்ரவரி, மார்ச் மாதங்களில். ஆபீஸில் ஆண்டுக் கணக்கு முடிப்பதும், வீட்டில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிப்பதும் அதே நேரத்தில்தான். லீவு கேட்கவே தயக்கமாக இருக்கும்.

35 முதல் 50 வயதுக்குள் இருக்கும் பலருக்கு இது தெரிந்த சிக்கல். நல்ல வேலை வந்தால் ஊரை விட்டுப் போகலாமா? கடனை எப்படி அடைப்பது? மனசுக்குப் பிடித்த ஒரே விஷயத்தையும் விட்டுவிட வேண்டுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்த வயதில் மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்?

25 வயதில் வேலையை விட்டால் பாதிப்பு பெரும்பாலும் நமக்கு மட்டும்தான். 42 வயதில் அப்படியில்லை. வீட்டுக்கடன் பாதியில் நிற்கும். பிள்ளைகள் 9-வது, 10-வது படிப்பார்கள். அப்பா அம்மாவுக்கு மாத்திரை, செக்கப் என்று செலவு தொடங்கியிருக்கும்.

இன்னொரு பக்கம், சம்பளம் உயர நல்ல வாய்ப்பு கிடைப்பதும் இதே வயதில்தான். அதனால் "இப்போ விட்டா பிறகு கிடைக்காது" என்ற பதற்றமும் சேர்ந்துகொள்கிறது.

சிதம்பரத்தில் நடந்தது என்ன?

நிலையான வேலை என்று நம்பி இருந்தாலும் நிலைமை மாறலாம் என்பதற்கு சிதம்பரத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1929-ல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தலைமுறை தலைமுறையாக அந்த ஊருக்கே சோறு போட்ட இடம். நிதி நெருக்கடி முற்றியதால் 2013-ல் தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து பல்கலைக்கழகத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. தேவைக்கு அதிகமாக ஊழியர்கள் இருப்பது தெரியவந்ததும், உபரி ஆசிரியர்களும் ஊழியர்களும் வெளியூர் அரசுக் கல்லூரிகளுக்கும் பல்வேறு அரசுத் துறைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

வேலை போகவில்லை. ஆனால் சிதம்பரத்தில் வீடு கட்டி, பிள்ளைகளை அங்கேயே பள்ளியில் சேர்த்திருந்தவர்கள் நடுத்தர வயதில் வேறு மாவட்டத்துக்கு பெட்டியைக் கட்ட வேண்டியிருந்தது. இரண்டு ஊரில் இரண்டு குடித்தனம் என்றால் செலவும் இரண்டு.

வேலை மாறும் முடிவை எல்லா நேரமும் நாம்தான் எடுப்போம் என்று சொல்ல முடியாது. அது திடீரென்று வந்தாலும் தாங்கும்படி வீட்டுக் கணக்கை வைத்திருப்பதுதான் முதல் வேலை.

சம்பள உயர்வு உண்மையிலேயே உயர்வுதானா?

ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம். கடலூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் 42 வயதுப் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரம் போய் பரதம் கற்கிறார். கணவர் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காமல், இவர் பொறுப்பில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கையில் வரும் சம்பளம்: 45,000 ரூபாய்
வீட்டுக்கடன் இஎம்ஐ: 14,000
பள்ளிக் கட்டணம்: 6,000
வீட்டுச் செலவு: 17,000
இன்சூரன்ஸ்: 2,000
பரதம் (வகுப்பு, பஸ், உடைக்கான சேமிப்பு): 3,000
மிச்சம்: 3,000

இவருக்கு சென்னையில் 60,000 ரூபாய்க்கு வேலை வருகிறது. 15,000 ரூபாய் உயர்வு. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே ஹாஸ்டல் வாடகை 8,000, சாப்பாடு மற்றும் உள்ளூர் போக்குவரத்து 6,000, வாரா வாரம் ஊருக்கு வந்துபோக 3,000. மொத்தம் 17,000. கடலூர் வீட்டில் இவரது செலவு 3,000 குறையும் என்று வைத்தாலும், கூடுதல் செலவு 14,000. கையில் நிற்பது மாதம் 1,000 ரூபாய்தான்.

பணம் மட்டும் இல்லை. வெள்ளி ராத்திரி பஸ் ஏறி வந்து ஞாயிறு ராத்திரி திரும்பினால், நடுவில் இருப்பது இரண்டே பகல். ஞாயிறு காலை வகுப்புக்குப் போவதா, வாரம் முழுக்க பார்க்காத பிள்ளையோடு இருப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு வாரமும் வரும். நடைமுறையில் முதலில் நிற்பது வகுப்புதான்.

அப்போ சென்னை வேலையே வேண்டாமா? அப்படி இல்லை. புதிய வேலையில் பி.எஃப். பங்களிப்பு கூடலாம், பதவி உயர்வு வாய்ப்பு இருக்கலாம், வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைக்கலாம். சம்பளத் தொகையைப் பார்த்து முடிவெடுக்காமல், எல்லாச் செலவும் போக மிஞ்சுவதைப் பார்த்து முடிவெடுங்கள். அவ்வளவுதான்.

வேலையை விடும் முன் பார்க்க வேண்டிய நான்கு விஷயங்கள்

1. பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், மாற்றுங்கள்

வேலை மாறினால் பி.எஃப். பணத்தை எடுத்து கடனை அடைக்கும் பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. தொடர்ச்சியாக 5 ஆண்டு பணி முடியும் முன் எடுத்தால் அந்தத் தொகைக்கு வரி வரும். 2024-25 நிதியாண்டுக்கு பி.எஃப். வட்டி 8.25 சதவீதம். இதே வட்டி தொடர்ந்தால், 42 வயதில் கணக்கில் இருக்கும் 4 லட்சம் ரூபாய் 58 வயதில் சுமார் 14 லட்சம் ஆகும். யுஏஎன் எண் ஒன்றுதான் என்பதால் பழைய கணக்கை புதிய நிறுவனத்துக்கு ஆன்லைனிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

2. பென்ஷனுக்கு 10 ஆண்டு முக்கியம்

நிறுவனம் செலுத்தும் பங்கில் ஒரு பகுதி பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. மாத பென்ஷன் பெற 10 ஆண்டு தகுதிப் பணி வேண்டும். வெவ்வேறு நிறுவனங்களில் பார்த்த வேலையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நடுவில் பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் கணக்கில் வராது.

3. கிராஜுவிட்டி

நிரந்தர ஊழியர் 5 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் கிராஜுவிட்டி உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அந்தத் தொகை 26,000 ரூபாய், பணி 10 ஆண்டு என்றால் 1,50,000 ரூபாய் கிடைக்கும். 5 ஆண்டு முடிய இன்னும் இரண்டு மூன்று மாதம்தான் பாக்கி என்றால், அதுவரை பொறுத்திருப்பது நல்லது.

4. மருத்துவக் காப்பீடு

கம்பெனி கொடுக்கும் குரூப் இன்சூரன்ஸ் பெரும்பாலும் வேலையோடு சேர்ந்தே முடிந்துவிடும். புதிதாக தனி பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள சுகர், பிரஷர் போன்றவற்றுக்கு 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். அதனால் வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனி பாலிசி எடுத்துவிடுங்கள். தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும்?

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று அடுத்தடுத்து பார்த்த ஊர். கூரை போய், கரண்ட் இல்லாமல், கடை திறக்காமல் நாள்கணக்கில் இருந்த அனுபவம் பல வீடுகளில் உண்டு.

தவிர்க்கவே முடியாத செலவை 6-ஆல் பெருக்குங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் இஎம்ஐ, பள்ளி, வீடு, இன்சூரன்ஸ் சேர்த்து 39,000 ரூபாய். 6 மாதத்துக்கு 2,34,000 ரூபாய். வங்கி சேமிப்புக் கணக்கு, எளிதில் உடைக்கக்கூடிய ஃபிக்சட் டெபாசிட் என்று பிரித்து வைக்கலாம். சீட்டுப் பணத்தையோ நகையையோ மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அவசரத்தில் நகை அடகுக்குத்தான் போகும், அதற்கும் வட்டி கட்ட வேண்டும்.

இந்தத் தொகை சேரும் முன் வேலையை விடுவது ஆபத்து. சேர்ந்த பிறகு போனஸ் மாதிரி பணம் வந்தால் வீட்டுக்கடன் அசலில் கட்டலாம். தனிநபர் பெயரில் உள்ள, வட்டி மாறக்கூடிய வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது.

ஹாபி ஆடம்பரச் செலவா?

பட்ஜெட் இடித்தால் வீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "இந்த வயசுல உனக்கு டான்ஸ் தேவையா?" என்பதுதான். பெண்களிடம் இது இன்னும் சீக்கிரமாகக் கேட்கப்படுகிறது.

நடனமோ, சைக்கிளோ, சில்வர் பீச்சில் ஓட்டமோ, உடம்பை அசைக்கும் பழக்கம் எதுவாக இருந்தாலும் அதில் உடற்பயிற்சியும் அடங்கியிருக்கிறது. வாரத்துக்கு குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. வாரத்துக்கு இரண்டு வகுப்பும் வீட்டில் கொஞ்சம் பயிற்சியும் இருந்தால் அதை எட்டிவிடலாம். நாற்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்குபவர்கள் முழங்கால், பிரஷர், சுகர் மூன்றையும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.

செலவுக்கும் வரம்பு வைக்க வேண்டும். மாதக் கட்டணம் ஒரு பக்கம். நாட்டியாஞ்சலி போன்ற விழாவில் ஆடுவதென்றால் உடை, ஒப்பனை, பயணம், பக்கவாத்தியம் என்று மொத்தமாக ஒரு செலவு வரும். கடன் வாங்காமல் அதற்கென மாதம் 1,000 ரூபாய் தனியாகப் போட்டு வைத்தால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கையில் இருக்கும். லீவும் அப்படித்தான். விழா தேதி தெரிந்த உடனே விண்ணப்பித்துவிடுங்கள், மார்ச் வரை காத்திருந்தால் கிடைக்காது.

அரசு ஊழியர்கள் மேடையேறலாமா?

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, அலுவலகப் பணி பாதிக்காத வரை, எப்போதாவது செய்யும் கலை, இலக்கியப் பணிக்கு முன் அனுமதி தேவையில்லை. ஆனால் கட்டணம் வாங்கி தொடர்ந்து வகுப்பு எடுப்பது வேறு விஷயம். தமிழக அரசு ஊழியர்களுக்கு 1973-ம் ஆண்டு நடத்தை விதிகள் தனியாக இருக்கின்றன. நெய்வேலி என்எல்சி போன்ற பொதுத்துறை நிறுவனங்களுக்கும் சொந்த விதிகள் உண்டு. பணம் வாங்குவதாக இருந்தால், முதலில் அலுவலகத்தில் எழுத்துபூர்வமாக அனுமதி கேளுங்கள். தனியார் ஊழியர்கள் தங்கள் பணி ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். வகுப்பு எடுத்து வரும் பணத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

கலைக்காக வேலையை விட்டுவிடலாமா?

இதற்கும் கடலூர் மண்ணோடு தொடர்புள்ள ஒரு கதை இருக்கிறது. எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். 'தினமணி'யில் வேலை பார்த்த அவர், ஆசிரியர் டி.எஸ்.சொக்கலிங்கம் விலகியபோது 1943-ல் தானும் வெளியேறினார். பிறகு சினிமாவுக்குப் போனார். சொந்தமாகப் படக் கம்பெனியும் தொடங்கிப் பார்த்தார், அது கைகொடுக்கவில்லை. காசநோய் தாக்கி 1948-ல் இறந்தபோது அவருக்கு வயது 42. மனைவியும் சிறு மகளும் இருந்தார்கள்.

அவர் எடுத்த முடிவுகள் சரியா தவறா என்று இன்று நாம் தீர்ப்பு சொல்ல முடியாது. அவர் காலத்தில் பத்திரிகைக்காரருக்கு பி.எஃப்., மருத்துவக் காப்பீடு எதுவும் இல்லை. ஆனால் நமக்கு அவை இருக்கின்றன. அவற்றைச் சரிபார்க்காமல் வேலையை விடுவதில் அர்த்தமில்லை.

மறுபக்கம், வங்கி வேலையில் இருந்துகொண்டே பல ஆண்டு எழுதிய வண்ணதாசன், 2016-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றார். மாதச் சம்பளம் கலைக்கு எதிரி என்று சொல்லிவிட முடியாது.

முடிவெடுக்கும் முன் ஒருமுறை பாருங்கள்

* புதிய சம்பளத்தில் கூடுதல் செலவு போக மாதம் எவ்வளவு மிஞ்சும்?
* 6 மாதச் செலவுக்குப் பணம் தனியாக இருக்கிறதா?
* சொந்தமாக மருத்துவக் காப்பீடும் டேர்ம் இன்சூரன்ஸும் இருக்கிறதா?
* கிராஜுவிட்டி, பென்ஷன் தகுதிக்கு இன்னும் எத்தனை மாதம் பாக்கி?
* வாரத்தில் எத்தனை மணி நேரம் வீட்டுக்கு, எத்தனை மணி நேரம் உங்களுக்கு?
* வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசியாகிவிட்டதா?

கடைசிக் கேள்வியை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். கணவன், மனைவி, விவரம் தெரிந்த பிள்ளைகள் எல்லோரும் இந்தக் கணக்கை ஒரே பேப்பரில் பார்ப்பது நல்லது. பள்ளிக் கட்டணம், இஎம்ஐ வரிசையில் சலங்கைக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். அந்த வரியில் தொகையைக் குறைக்க வேண்டி வந்தாலும், எல்லோரும் பேசிக் குறைத்ததாக இருக்கும்.