சைக்கிளை விட்டு இறங்கிய காலம்



1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி என் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். தொழிலாளர்களின் கோரிக்கைகளைக் கரும்பலகையில் எழுதினேன். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, நல்ல மருத்துவ வசதி, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி. இவையெல்லாம் பிள்ளைகளுக்குப் புரிந்தன. அடுத்த வரியை எழுதியதும் ஒரு பையன் சிரித்துவிட்டான். துரையோ கிராணியோ எதிரே வந்தாலும் சைக்கிளில் ஏறிப்போக அனுமதி வேண்டும் என்பதே அந்த வரி.

“இதற்கா சார் வேலையை நிறுத்தினார்கள்?” என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். அக்காலத் தோட்டத்தில் யார் எந்தப் படியில் இருக்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். துரைக்கு மேட்டில் பங்களா, தலையில் தொப்பி. கிராணிமாருக்குத் தனி வீடு. தொழிலாளிக்கு லயத்தில் ஓர் அறை. கூலியில் மிச்சம் பிடித்து அவன் வாங்கிய சைக்கிளோ இந்த வரிசைக்குள் அடங்கவில்லை. அதில் ஏறினால் பட்டணம் போகலாம், அடுத்த தோட்டத்து உறவுகளைப் பார்க்கலாம், சங்கக் கூட்டத்துக்கும் போகலாம். போதாததற்கு, சைக்கிளில் உட்கார்ந்திருப்பவனின் தலை, நடந்துவரும் கிராணியின் தலைக்கு மேலே தெரியும். இறங்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதில் நமக்குக் கசப்பான செய்தி ஒன்றுண்டு. அந்த மரியாதையை எதிர்பார்த்தவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டுமல்லர். கிராணிமாரில் பலர் நம் மொழி பேசியவர்களே. துரையின் முன்னே தாம் குனிந்த குனிவை அவர்கள் லயத்து மக்களிடம் வசூலித்துக்கொண்டார்கள்.

கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தினார். மே மாதத்தில் அவரைக் கைது செய்ததும் வேலைநிறுத்தம் மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. அரசாங்கம் இராணுவத்தை அழைத்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கினார்கள். துரைமார் பங்களாக்களைப் போட்டுவிட்டுத் தெற்கே ஓடினார்கள். துரத்திவந்த சிப்பாய்களில் ஆயிரக்கணக்கானோர் வந்தது சைக்கிளில்தான். அவர்கள் நம் மக்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோன கதையைச் சொல்ல இன்னொரு நாள் வேண்டும்.