வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்

வேர் த வைல்ட் திங்ஸ் ஆர் என்பது அமெரிக்க எழுத்தாளரும் ஓவியருமான மாரிஸ் செண்டாக் எழுதி, அவரே படங்களும் வரைந்த ஒரு சிறுவர் பட நூலாகும். நியூயார்க் நகரின் ஹார்ப்பர் அண்ட் ரோ பதிப்பகம் இதனை 1963 ஆம் ஆண்டு வெளியிட்டது. தலைப்புக்கு "அடங்காப் பிராணிகள் வாழும் இடம்" என ஏறத்தாழப் பொருள் கொள்ளலாம். தாயின் மீது கோபம் கொண்ட மேக்ஸ் என்ற சிறுவன், கற்பனையில் ஒரு தீவுக்குச் சென்று அங்குள்ள கொடிய உயிரினங்களை அடக்கி ஆண்டு, பின்னர் வீடு திரும்புவதே இதன் கதை. 1964 ஆம் ஆண்டு கால்டிகாட் பதக்கத்தைப் பெற்ற இந்நூல், குழந்தைகளின் கோபம், அச்சம், தனிமை ஆகிய உணர்ச்சிகளை அறிவுரை கூறாமல் காட்டிய முன்னோடிப் பட நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

நூலாசிரியர்

மாரிஸ் செண்டாக் 1928 ஆம் ஆண்டு சூன் 10 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். இவரது பெற்றோர் போலந்திலிருந்து குடியேறிய யூதர்கள். இரண்டாம் உலகப் போரின்போது நிகழ்ந்த யூத இனப்படுகொலையில் ஐரோப்பாவில் இருந்த இவரது உறவினர் பலர் கொல்லப்பட்டனர். சிறுவயதில் அடிக்கடி நோயுற்றுப் படுக்கையில் கிடந்த செண்டாக், அக்காலத்திலேயே படம் வரையத் தொடங்கினார். 1950களில் பிறருடைய நூல்களுக்குப் படம் வரைந்து பெயர் பெற்றார். பட நூல் ஓவியத்திற்காக 1970 இல் ஹான்ஸ் கிறித்தியன் ஆண்டர்சன் விருதும், 2003 இல் ஆஸ்திரிட் லிண்ட்கிரென் நினைவு விருதும் இவருக்கு வழங்கப்பட்டன. 2012 ஆம் ஆண்டு மே 8 அன்று காலமானார்.

நூல் உருவான விதம்

1955 ஆம் ஆண்டு செண்டாக் இந்நூலின் முதல் வடிவத்தை உருவாக்கினார். அப்போது இது காட்டுக் குதிரைகள் வாழும் இடத்தைப் பற்றிய கதையாக இருந்தது. தமக்குக் குதிரை வரைய வராது என்பதைப் பின்னர் உணர்ந்த அவர், குதிரைகளை விடுத்துப் பெயரற்ற பிராணிகளை அமைத்துக் கொண்டார். ஹார்ப்பர் பதிப்பகத்தின் சிறுவர் நூல் பதிப்பாசிரியர் ஊர்சுலா நார்ட்ஸ்ட்ராம் இம்முயற்சிக்கு ஊக்கமளித்தார்.

இப்பிராணிகளுக்கு மாதிரியாக அமைந்தவர்கள் தம் மாமன்மார்களும் அத்தைமார்களுமே எனச் செண்டாக் பல நேர்காணல்களில் கூறியுள்ளார். ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்துக்கு வரும் இவர்கள் குழந்தைகளின் கன்னத்தைக் கிள்ளி, தின்றுவிடலாம் போலிருக்கிறது என்று கொஞ்சுவார்களாம். சமையல் தாமதமானால் உண்மையாகவே தின்றுவிடுவார்களோ எனக் குழந்தைகள் அஞ்சியதுண்டு. அடங்காத குழந்தைகளைக் "காட்டு விலங்கு" எனப் பொருள்படும் சொல்லால் கடிந்து கொள்வது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இட்டிஷ் மொழியில் வழக்கம். நூலின் தலைப்பில் இவ்வழக்கின் சாயல் உண்டு. தமிழில் "அடங்காப்பிடாரி" என்று குழந்தையைத் திட்டுவது இதற்கு நெருக்கமானதாகும்.

கதைச் சுருக்கம்

ஓநாய் உடை அணிந்த மேக்ஸ் ஓர் இரவில் வீட்டில் பல குறும்புகள் செய்கிறான். சுவரில் ஆணி அடிக்கிறான். முள்கரண்டியை ஏந்தி நாயைத் துரத்துகிறான். தாய் கடிந்து கொண்டபோது அவளையே தின்று விடுவதாக எதிர்த்துப் பேசுகிறான். இதனால் இரவு உணவின்றி அறைக்கு அனுப்பப்படுகிறான்.

அன்றிரவு அவனது அறையில் ஒரு காடு வளர்கிறது. சுவர்கள் மறைந்து கடல் தோன்ற, மேக்ஸ் ஒரு படகிலேறி நெடுங்காலம் பயணித்து அடங்காப் பிராணிகளின் தீவை அடைகிறான். கோரைப் பற்களும் கூரிய நகங்களும் கொண்ட அவை அவனை அச்சுறுத்துகின்றன. அவன் இமைக்காமல் அவற்றின் மஞ்சள் நிறக் கண்களை உற்று நோக்கி அடக்குகிறான். அவை அவனைத் தம் அரசனாக்குகின்றன. பின்னர் அனைவரும் கூடிக் கும்மாளமிடுகின்றனர்.

ஆட்டம் முடிந்ததும், தன் தாய் தனக்குச் செய்தது போலவே, மேக்ஸ் அப்பிராணிகளை உணவின்றி உறங்க அனுப்புகிறான். ஆனால் தனிமை அவனை வாட்டுகிறது. தன்னை எல்லாரையும் விட அதிகமாக நேசிப்பவர் இருக்கும் இடத்திற்குச் செல்ல விரும்புகிறான். அப்போது தொலைவிலிருந்து உணவின் மணம் வருகிறது. அரச பதவியைத் துறந்து வீடு திரும்பும் அவனுக்கு, அறையில் இரவு உணவு சூடாகக் காத்திருக்கிறது.

படங்களும் வடிவமைப்பும்

நூலின் ஆங்கில மூலத்தில் மொத்தம் 338 சொற்களே உள்ளன. எனவே கதையின் பெரும்பகுதியைப் படங்களே சொல்கின்றன. மையால் வரைந்த நெருக்கமான குறுக்குக் கோடுகளின் மீது மெல்லிய நீர்வண்ணம் பூசப்பட்டுள்ளது.

மேக்ஸின் உணர்ச்சி நிலைக்கேற்பப் படங்களின் அளவு மாறுவது இந்நூலின் சிறப்பு. தொடக்கத்தில் படங்கள் அகன்ற வெள்ளை ஓரங்களின் நடுவே சிறியனவாக உள்ளன. கோபமும் கற்பனையும் வளர வளரப் படமும் வளர்ந்து பக்கத்தை நிரப்பி அடுத்த பக்கத்திற்கும் பரவுகிறது. கும்மாளக் காட்சிகள் எதிரெதிரான இரு பக்கங்களையும் முழுமையாக நிரப்புகின்றன. இவ்வாறான மூன்று காட்சிகளில் சொற்களே இல்லை. கோபத்தின் உச்சத்தில் சொற்கள் இல்லாமற் போவதும், அது தணியும்போது சொற்கள் திரும்புவதும் இவ்வமைப்பால் உணர்த்தப்படுகின்றன.

மேலும் சில நுணுக்கங்கள் வருமாறு:

- தொடக்கப் பக்கங்களில் ஒன்றில், மேக்ஸ் வரைந்த ஒரு பிராணியின் படம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பிராணிகள் அவனிடமிருந்தே தோன்றியவை என்பதற்கு இது ஒரு குறிப்பு.
- தாய் எந்தப் படத்திலும் தோன்றுவதில்லை. அவளது கோபமும் அன்பும் சொற்களாலும், காத்திருக்கும் உணவாலும் மட்டுமே அறியப்படுகின்றன.
- அறையின் சன்னலில் முதலில் பிறை நிலாவும் முடிவில் முழு நிலாவும் தெரிகின்றன.
- இறுதிப் படத்தில் மேக்ஸ் ஓநாய் உடையின் தலைப்பகுதியைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறான். அதன் பின்னர் வரும் கடைசிப் பக்கத்தில் படமே இல்லை. உணவு சூடாக இருக்கும் செய்தி மட்டுமே உள்ளது.

இக்கடைசிச் சொல் குறித்துப் பதிப்பகத்தாருடன் கருத்து வேறுபாடு எழுந்ததாகச் செண்டாக் கூறியுள்ளார். சூடான உணவு குழந்தையைச் சுட்டுவிடும் என்பதால் "வெதுவெதுப்பான" என மாற்றும்படி அவர்கள் கேட்டனர். செண்டாக் அதற்கு இணங்கவில்லை.

சர்ச்சையும் வரவேற்பும்

அக்காலப் பட நூல்கள் பலவற்றில் குறும்பு செய்யும் குழந்தை முடிவில் வருந்துவதோ பாடம் கற்பதோ வழக்கம். மேக்ஸ் மன்னிப்புக் கேட்பதில்லை. ஆயினும் அவனுக்கு உணவு கிடைக்கிறது. இதனாலும் பிராணிகளின் தோற்றத்தாலும் பெற்றோரும் நூலகர்களும் சிலர் தயக்கம் காட்டினர்.

உளவியலாளர் புரூனோ பெட்டல்கைம் 1969 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் லேடீஸ் ஹோம் ஜர்னல் என்ற இதழில் தாம் எழுதிவந்த பத்தியில் இந்நூலைக் குறைகூறினார். உணவும் பாதுகாப்பும் தரும் தாயே குழந்தையைப் பட்டினியாகப் படுக்க அனுப்புவது, குழந்தைக்குக் கைவிடப்படும் அச்சத்தை உண்டாக்கும் என்பது அவரது வாதம். ஆனால் அப்போது அவர் நூலைப் படித்திருக்கவில்லை. தாய்மார்கள் கூறியதைக் கேட்டே கருத்துரைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1964 ஆம் ஆண்டு கால்டிகாட் பதக்கத்தை ஏற்று ஆற்றிய உரையில் செண்டாக் தம் நிலைப்பாட்டை விளக்கினார். மிகச் சிறு வயதிலிருந்தே அச்சமும் ஏமாற்றமும் குழந்தைகளின் அன்றாட வாழ்வின் பகுதியாக உள்ளன என்றும், அவற்றை அடக்கியாளக் குழந்தைகளிடம் உள்ள சிறந்த கருவி கற்பனையே என்றும் அவர் கூறினார்.

காலப்போக்கில் எதிர்ப்பு தணிந்தது. 2012 இல் ஸ்கூல் லைப்ரரி ஜர்னல் இதழ் நடத்திய வாசகர் கருத்துக்கணிப்பில் இந்நூல் சிறந்த பட நூலாக முதலிடம் பெற்றது. நியூயார்க் பொது நூலகம் தன் 125 ஆண்டு வரலாற்றில் மிகுதியாக இரவல் பெறப்பட்ட நூல்களின் பட்டியலை 2020 இல் வெளியிட்டபோது, 4,36,016 முறை இரவல் பெறப்பட்டு இந்நூல் நான்காம் இடத்தில் இருந்தது.

குடும்பங்களில் பயன்பாடு

தம் உணர்ச்சிக்குரிய சொல்லை அறியாத சிறு குழந்தைகளும் ஒரு படத்தைச் சுட்டிக்காட்ட இயலும். "நீ ஏன் கோபப்பட்டாய்?" என்று நேரடியாகக் கேட்டால் அது விசாரணை போலாகிவிடும். "மேக்ஸுக்கு இப்போது எப்படி இருக்கும்?" என்ற கேள்வியில் அத்தகைய நெருக்கடி இல்லை. இக்காரணங்களால் பெற்றோரும் ஆசிரியர்களும் கோபத்தைப் பற்றிப் பேச இந்நூலைப் பயன்படுத்துகின்றனர்.

வாசிப்பவர் கேள்விகள் கேட்டுக் குழந்தையைக் கதை சொல்ல வைக்கும் முறை "உரையாடல் வாசிப்பு" எனப்படுகிறது. குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவரது குழுவினரும் 1988 இல் வெளியிட்ட ஆய்வு, இம்முறை இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் மொழி வளர்ச்சிக்கு உதவுவதைக் காட்டியது. சொற்களற்ற கும்மாளப் பக்கங்கள் இம்முறைக்கு ஏற்றவை. தாய் படத்தில் இல்லாததால் அவள் அந்நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று குழந்தையிடம் கேட்கலாம். கோபத்திற்குப் பின்னும் உணவை எடுத்து வைத்தவர் யார் என்ற கேள்வி, கோபம் வந்தாலும் அன்பு நீங்குவதில்லை என்பதைக் குழந்தையே கண்டுகொள்ள இடமளிக்கிறது.

குழந்தை கோபத்தில் இருக்கும் வேளையை விட அமைதியான வேளையே இவ்வாசிப்புக்கு ஏற்றது. உணவை மறுத்துத் தண்டிப்பதைக் குழந்தை நல வல்லுநர்கள் பலர் இன்று ஏற்பதில்லை. எனவே தாயின் செயலும் உரையாடலுக்குரிய பொருளே. பிராணிகளைக் கண்டு உண்மையாகவே அஞ்சும் குழந்தைக்கு இந்நூலை வற்புறுத்திக் காட்ட வேண்டியதில்லை.

பிற வடிவங்கள்

- 1973: ஜீன் டெயிச் இயக்கிய குறும் அசைவூட்டப் படம்.
- 1980: ஆங்கிலேய இசையமைப்பாளர் ஆலிவர் நசெனின் இசை நாடகம், முதல் வடிவில் பிரசல்ஸ் நகரில் அரங்கேறியது. உரைப்பகுதியைச் செண்டாக்கே எழுதினார். நூலில் பெயரற்றிருந்த பிராணிகள் இதில் செண்டாக்கின் உறவினர் பெயர்களைப் பெற்றன.
- 2009: ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கிய முழுநீளத் திரைப்படம். மேக்ஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சிறுவன் முதன்மைப் பாத்திரத்தில் நடித்தான்.

இவற்றையும் பார்க்கவும்

- இன் த நைட் கிச்சன் (1970), அவுட்சைட் ஓவர் தேர் (1981): செண்டாக் இந்நூலுடன் சேர்த்து ஒரு முத்தொகுதியாகக் கருதிய நூல்கள்.
- வென் சோஃபி கெட்ஸ் ஆங்ரி (1999): கோபம் கொண்ட சிறுமியைப் பற்றி மாலி பேங் எழுதி வரைந்த பட நூல்.
- சேட் புக் (2004): மகனை இழந்த துயரைப் பற்றி மைக்கேல் ரோசன் எழுதி, குவென்டின் பிளேக் படம் வரைந்த நூல்.