அச்சின்மேல் ஏறிய மோட்டார்

ரிமோட் மான்ஸ்டர் டிரக் என்றதும் எல்லோரும் டயரைப் பார்ப்பார்கள். கோவையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் வளர்ந்தவன் நான். என் கண் அச்சுக்குத்தான் போகும். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டமியா நிறுவனம் 1987-ல் கொண்டுவந்த ‘கிளாட் பஸ்டர்’ வண்டியில் விஷயமே அங்கேதான் இருந்தது. முன் அச்சில் ஒன்று, பின் அச்சில் ஒன்று என இரண்டு 540 ரக மோட்டார்கள். இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் நடுவில் கிடையாது. நான்கு சக்கரமும் இழுக்கும், நான்கும் திரும்பும். பாப் சாண்ட்லர் தன் ஃபோர்டு பிக்கப்பை ‘பிக்ஃபுட்’ என்ற மான்ஸ்டர் டிரக் ஆக்கி, 1981-ல் பழைய கார்கள்மேல் ஏற்றி நசுக்கிய பிறகு அமெரிக்காவைப் பிடித்த பித்து, ஆறே ஆண்டில் இந்த அளவுக்குச் சுருங்கி மேசைக்கு வந்துவிட்டது.

முன்னும் பின்னும் ஒரே கியர்பெட்டிதான், பின்னதைத் திருப்பிப் பூட்டியிருப்பார்கள். ஆகவே ஒரு மோட்டார் வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்ற வேண்டும். ஒன்றின் ஒயரை மாற்றிப் போட்டால் போதும். சாதா மோட்டாருக்கு இது சரி. ரேஸ் மோட்டாரில் பிரஷ் ஒரு திசைக்குச் சாதகமாகத் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். எதிர்த்திசையில் ஓடும் ஜோடி சோர்ந்துபோய்ச் சூடாகும். மாற்றிக் கட்டக் கிளம்பியவர்களின் முதல் தலைவலி இதுதான்.

அடுத்தது இணைப்பு. இரண்டையும் சீரியலில் போட்டால் ஆளுக்குப் பாதி வோல்ட். முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பினால் அந்த மோட்டார் சும்மா சுற்றி வோல்ட்டைத் தின்றுவிடும், கரண்ட் குறையும், தரையில் நிற்கும் பின்சக்கரத்துக்கு வலு போய்விடும். பேரலலில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பேட்டரி தவிக்கும். அன்றைய பேட்டரி ஆறு நிக்கல்-காட்மியம் செல்கள், 7.2 வோல்ட். வேகத்துக்காகக் காயிலில் சுற்றைக் குறைத்துக் கம்பியைத் தடிமனாக்கினார்கள். சுற்றைக் குறைத்தால் கரண்ட் ஏறும் என்பது எங்கள் பட்டறையில் டீ வாங்கப் போகும் பையனுக்கும் தெரியும். வெள்ளை பிளாஸ்டிக் பிளக் இளகியது, வேகத்தைக் கூட்டிக் குறைக்க சர்வோ நகர்த்தும் சுவிட்சின் ரெசிஸ்டர் கொதித்தது. பிளக்கை வெட்டியெறிந்து தடித்த இணைப்பி வைப்பது ஒரு சடங்காகவே ஆயிற்று.

மோட்டாரைக் கொண்டாடும் கூட்டத்தில் நான் சேர மாட்டேன். இந்த வண்டிகளைப் பின்னாளில் மாற்றியது பேட்டரிதான். 2000 வாக்கில் டிராக்சாஸ் நிறுவனத்தின் ‘ஈ-மேக்ஸ்’ வண்டி இரண்டு 7.2 வோல்ட் பேட்டரியைத் தொடராக்கி 14.4 வோல்ட் கொடுத்தது. அதே வேலைக்குப் பாதி கரண்ட் போதும்; அதே ஒயரில் வெப்ப இழப்பு கால்வாசிதான். பிறகு நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு, அதன்பின் லித்தியம் பாலிமர். இது செல்லுக்கு 3.7 வோல்ட், உள்தடை குறைவு, எடையும் குறைவு. செல்லுக்கு 4.2 வோல்ட் தாண்டிச் சார்ஜ் ஏற்றினால் தீப்பிடிக்கலாம், மூன்றுக்குக் கீழே இறக்கினால் கெட்டுவிடும். முன்கோபக்கார மாப்பிள்ளை மாதிரி, பக்குவமாக நடத்த வேண்டும்.

இவ்வளவு கரண்ட் கிடைத்த பிறகுதான் பிரஷ் இல்லாத மோட்டாருக்கு மதிப்பு வந்தது. சென்சார் இல்லாத வகையில், மூன்று ஒயரில் எந்த இரண்டை மாற்றினாலும் திசை திரும்பிவிடும், திசைச் சாதகம் என்ற பழைய வம்பே இல்லை. ஆனால் கிளாட் பஸ்டர்காரர்களுக்குப் புது வம்பு: சென்சார் இல்லாத ஒரு வேகக் கண்ட்ரோலர் இரண்டு மோட்டாரை ஓட்டாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வாங்கி, ரிசீவரிலிருந்து ஒய் வடிவ ஒயர் பிரித்து, ஒரு கண்ட்ரோலரின் சிவப்பு ஒயரை மட்டும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ரிசீவருக்குக் கரண்ட் ஊட்டிச் சண்டை போடும்.

2020-ல் வந்த லோசி நிறுவனத்தின் எல்எம்டி வண்டி, மோட்டாரை அச்சைவிட்டு இறக்கி வண்டியின் நடுவே ஒன்றாக வைத்து ஷாஃப்ட் போட்டுவிட்டது. ஓட்டத்துக்கு அது நல்லதுதான். அச்சின்மேல் பாரம் குறைந்தால் சக்கரம் மேடுபள்ளத்தோடு சுலபமாக ஏறி இறங்கும். ஆனாலும் இரண்டு கண்ட்ரோலரையும் சால்டர் முனைகளையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடுதான் எனக்குப் பேச்சு நீளும்.