பெண்டில் குன்று

இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயரின் கிழக்குப் பகுதியில், பென்னைன் மலைத்தொடரினின்று விலகித் தனித்துக் கிடக்கும் மேட்டுநிலம் பெண்டில் குன்று. இதன் உயரம் 1,827 அடி (557 மீட்டர்). வடமேற்கில் ரிபிள் ஆற்றின் பள்ளத்தாக்கு இதனைப் போலண்டு மேடுகளினின்று பிரிக்கிறது. முற்காலத்தில் திரிகைக் கற்களுக்குப் பயன்பட்ட முரட்டு மணற்கல்லின் இனமே இதன் உடற்பாறை. அதன்மீது தலைமுறை தலைமுறையாக மட்கிய பாசியும் புல்லும் கருத்துத் திரண்ட ஈரமண் படிந்திருப்பதால், மரமின்றிப் பஞ்சுப்புல்லும் ஹெதர்ப் புதருமே மண்டிக் கிடக்கின்றன. கார்பானிபெரஸ் யுகத்தின் ஒரு பிரிவுக்கே நிலவியலார் இக்குன்றின் பெயரைச் சூட்டியுள்ளனர்.

இதன் பெயர் வரலாறு ஆராய்ச்சிக்கு இனியது. ஆங்கிலேயர் குடியேறுமுன் அங்கு வழங்கிய கம்பிரிக் மொழியில் ‘பென்’ என்றால் குன்று. பின்வந்தோர் அப்பொருள் அறியாது, குன்றைக் குறிக்கும் தம் பழஞ்சொல்லாகிய ‘ஹில்’ என்பதைச் சேர்க்க, 13ஆம் நூற்றாண்டில் அது ‘பென்ஹுல்’ என வழங்கிற்று. அதுவும் திரிந்து ‘பெண்டில்’ ஆகிப் பொருள் மறைந்தபின், இக்கால ஆங்கிலத்தார் மீண்டும் ஒரு ‘ஹில்’லை ஒட்டினர். ஆகவே ‘பெண்டில் ஹில்’ என்பார் குன்றென்பதை மும்முறை கூறுகின்றனர். மக்கள் மாறினும் மலையின் பெயரை முற்றும் நீக்க ஒருவரும் துணிந்திலர் என்பது இதனால் விளங்கும்.

1612இல் இதன் அடிவாரத்து ஏழை மக்கள்மீது சூனியக் குற்றம் சாட்டப்பட்டது. ஒரு நாடோடி வியாபாரி நோயுற்று விழுந்ததில் தொடங்கிய அவ்வழக்கில், ஒன்பது வயதளவான ஜென்னெட் டிவைஸ் என்னும் சிறுமி, தன் தாய்க்கும் உடன்பிறந்தாருக்கும் எதிராகச் சொன்ன சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்றது. விசாரிக்கப்பெற்ற பதினொருவருள் பதின்மர் தூக்கிலிடப்பட்டனர். வறுமையும் அண்டை வீட்டுப் பகையுமன்றி அவர்களுள் பெரும்பாலோரிடம் வேறு குற்றம் இருந்ததில்லை.

1652இல் சமயப் போதகர் ஜார்ஜ் பாக்ஸ் இக்குன்றின் சிகரத்தில் பெற்றதாகக் கூறிய தரிசனம், குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினரின் தோற்றத்தோடு இணைத்துப் பேசப்படுகிறது. 1661இல் ரிச்சர்டு டவுன்லியும் ஹென்றி பவரும் பாரமானியை ஏந்தி இதன்மேல் ஏறிக் காற்றின் அழுத்தத்தை அளந்தனர். வாயுவின் அழுத்தத்தையும் கன அளவையும் இணைக்கும் பாயில் விதி உருவாக உதவிய சோதனைகளுள் இதுவும் ஒன்று.

இன்று இது போலண்டு இயற்கையெழில் காப்புப் பிரதேசத்தைச் சேர்ந்தது. பார்லி கிராமத்திலிருந்து கல் பாவிய பாதை சிகரத்துக்குச் செல்கிறது.