ஷாக் அப்சார்பரும் அதன் திருகும்

திருகிக் கூட்டவும் குறைக்கவும் கூடிய ஷாக் அப்சார்பர், அதிவேகக் கார்களில் ஆசை கொண்டவர்களுக்காக அண்மைக் காலத்தில் தோன்றிய ஆடம்பரப் பொருள் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். சரித்திரம் இதற்கு நேர்விரோதமாக இருக்கிறது. மோட்டார் வாகனங்களில் முதன்முதலாகப் பரவிய ஷாக் அப்சார்பரே திருகத் தக்கதாகத்தான் இருந்தது. தொழிற்சாலையிலேயே எதிர்ப்பின் அளவை நிர்ணயித்து, உரிமையாளர் கை வைக்க இடமில்லாதபடி மூடிவிட்ட குழாய், கார்கள் லட்சக்கணக்கில் உற்பத்தியாகத் தொடங்கிய பிறகே பொதுவழக்காயிற்று.

மேட்டிலும் பள்ளத்திலும் சக்கரம் வாங்கும் அடியைத் தாங்குவது ஸ்பிரிங். தாங்கிய சக்தியைத் தன்னுள் சேமித்து உடனே திருப்பிக் கொடுப்பதும் அதன் சுபாவம். ஒருமுறை தள்ளிவிட்ட ஊஞ்சல்போல் கார் ஆடிக்கொண்டே போகாதபடி, அந்த ஆட்டத்தின் சக்தியை உராய்வினாலோ எண்ணெயின் எதிர்ப்பினாலோ உஷ்ணமாக மாற்றிக் கரைத்துவிடுவதே ஷாக் அப்சார்பரின் வேலை. சாதாரணக் காரின் உடல் ஸ்பிரிங்கின் மேல் விநாடிக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 தடவை ஆடும். டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே அகப்பட்ட சக்கரமோ 10 முதல் 15 தடவை துடிக்கும். மந்தமான இந்த ஆட்டத்தையும் வேகமான அந்தத் துடிப்பையும் ஒரே கருவி அடக்கியாக வேண்டும் என்பதில்தான் சங்கடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எதிர்ப்புக் குறைந்தால் வளைவிலும் பிரேக்கிலும் கார் நிலைகொள்ளாது. மிகுந்தால் சக்கரம் சாலையை விட்டுத் துள்ளும்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பிரான்ஸ் தேசத்து ட்ரூஃபோ என்பவர் உராய்வினால் ஆட்டத்தை அடக்கும் கருவி ஒன்றை அமைத்தார். அமெரிக்கரான எட்வர்டு ஹார்ட்ஃபோர்டு அதன் அருமையை உணர்ந்து தம் நாட்டுக்குக் கொண்டுபோய், ட்ரூஃபோ-ஹார்ட்ஃபோர்டு என்ற பெயரால் பிரசித்தமாக்கினார். கத்தரிக்கோலின் இரு கால்களைப் போல விரிந்து சுருங்கும் இரண்டு கைகள். அவை சேரும் இடத்தில் உலோகத் தகடுகளும் தோல் அல்லது மரத் தகடுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு, நடுவே ஒரு போல்ட்டும் நட்டும் அவற்றை நெருக்கிப் பிடித்திருக்கும். நட்டை இறுக்கினால் எதிர்ப்புக் கூடும், தளர்த்தினால் குறையும். எவ்வளவு இறுக்கினோம் என்பதைக் காட்ட முள்ளும் தட்டும் பிற்பாடு சேர்ந்தன. புகாட்டியின் 35-ஆம் மாடல் முதலான 1920-களின் பந்தயக் கார்கள் பலவும் இந்த இனத்துக் கருவிகளை நம்பியே ஓடின.

நட்டு அங்கே வைக்கப்பட்டதற்கு முதற்காரணம் ஓட்டுபவரின் ருசி அன்று, தேய்மானம். ஓட ஓடத் தகடுகள் தேயும், எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், மழையில் ஊறும். ஆகவே நேற்று இருந்த எதிர்ப்பு இன்று இராது. பழைய நிலையை மீட்கவே ஸ்பானரை எடுத்தார்கள். எடுத்த கைக்கு, சாலைக்கும் சுமைக்கும் வேகத்துக்கும் தக்கபடி அளவை மாற்றலாம் என்பதும் அனுபவத்தில் விளங்கிற்று. இங்கிலாந்தில் ஹார்ட்ஃபோர்டின் உரிமம் பெற்றுத் தயாரித்த ஆண்ட்ரே கம்பெனியார், 1930-களில் ‘டெலிகன்ட்ரோல்’ என்ற அமைப்பினால், ஓட்டுபவர் ஆசனத்தை விட்டு எழாமலேயே திரவ அழுத்தத்தால் தகடுகளை நெருக்கும் வசதியை அளித்தார்கள். இதே காலவரிசையில் கிளீவ்லாண்டின் கேப்ரியல் கம்பெனி விற்ற ‘ஸ்னப்பர்’ என்னும் பட்டைக் கருவியையும் குறிப்பிட வேண்டும். ஸ்பிரிங் அமுங்கும்போது அது பேசாதிருக்கும், நிமிரும்போது மட்டும் இழுத்துப் பிடிக்கும். கேப்ரியல் என்ற அந்தப் பெயரே 1961-இல் இந்தியாவுக்கு வந்து, இன்று நம் ஓசூரிலும் ஷாக் அப்சார்பர் தயாரிக்கிறது.

உராய்வுக் கருவிக்குத் தீராத குறை ஒன்று உண்டு. அசையத் தொடங்குமுன் அது பிடித்துக்கொள்ளும் பிடி, அசைந்த பிறகு இருக்கும் பிடியைவிட வலியது. அதனால் சிறு குழிகளில் கார் விறைத்துப்போகும், பெருங்குழியில் வேண்டிய எதிர்ப்புக் கிடைக்காது. எண்ணெயோ, வேகம் கூடக் கூடத் தானே எதிர்ப்பைக் கூட்டிக்கொள்ளும். மோரிஸ் ஹூடாய் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால் வழங்கிய சுழல்வகை எண்ணெய்க் கருவி இந்தக் குணத்தைப் பயன்படுத்திற்று; 1927-இன் முடிவில் ஃபோர்டு வெளியிட்ட ‘ஏ’ மாடலில் பொருத்திய ஹூடாய்க் கருவியில் ஊசி வால்வு ஒன்று இருந்து, எதிர்ப்பை மாற்ற இடங்கொடுத்தது. செல்வந்தர்களுக்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு கிடைத்தது: 1936-இல் வந்த ரோல்ஸ்ராய்ஸ் ஃபாண்டம் 3-இல் ஸ்டியரிங் சக்கரத்தருகே இருந்த சிறு நெம்புகோலே போதும்.

இவை எல்லாவற்றிலும் என் மனம் அதிகமாக ஈடுபடுவது, ஹாலந்து தேசத்தில் ராட்டர்டாமுக்குத் தெற்கே உள்ள ஔட்-பையர்லாண்டு என்ற சிற்றூரில் விளைந்த கருவியில்தான். 1857-இல் குதிரைச் சேணம் செய்ய ஆரம்பித்த டி கோனிங் குடும்பத்தின் பட்டறை, குதிரைகளின் காலம் மங்கி வந்தபோது மோட்டார் உறுப்புகளின் பக்கம் திரும்பி, 1932-இல் தன் முதல் ஷாக் அப்சார்பரைச் செய்தது; அதுவே கோனி. யுத்தத்துக்குப் பின் அவர்கள் செய்த குழாய்வடிவக் கருவியில் திருகு வெளியே தெரியாது. காரிலிருந்து கழற்றி, தண்டை அடிவரை அமுக்கி, மெல்லச் சுழற்றினால், பிஸ்டனிலுள்ள நட்டு அடி வால்வின் பள்ளங்களில் சென்று பொருந்தும். பிறகு அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்பிக் கொள்ளலாம். இந்தச் சிரமத்தைக் குறை என்பவர் உண்டு. ஓட்டுகிற அவசரத்தில் மனம் போனபடி மாற்றாமல் யோசித்து மாற்ற வைப்பதால், நான் அதைக் குணம் என்றே மதிக்கிறேன்.

அதைவிட முக்கியமான விவேகம் இன்னொன்று. கோனியில் மாறுவது, ஸ்பிரிங் நிமிரும்போதுள்ள எதிர்ப்பு மாத்திரமே. அமுங்கும்போதுள்ள எதிர்ப்பைத் தொழிற்சாலை தன் வசமே வைத்துக்கொண்டது. அமுங்கும் எதிர்ப்பை மிதமிஞ்சிக் கூட்டினால் சாலையின் அடி நேராகக் காரின் உடலில் விழும். நிமிரும் எதிர்ப்போ, சேர்த்து வைத்த சக்தியை ஸ்பிரிங் எவ்வளவு நிதானமாக வெளியிடுகிறது என்பதை ஆளுவதால், வளைவில் கார் சாய்வதையும் எழுவதையும் அடக்க அதுவே பெரும்பாலும் போதும். ஃபெராரி கம்பெனி 1962-இல் செய்த 250 ஜிடிஓ கோனியின் மேல்தான் நின்றது. 1965-இல் கரோல் ஷெல்பி, மஸ்டாங் காரை ஜிடி350 ஆக மாற்றி, தெருவிலும் பந்தயத் தடத்திலும் ஒருசேர ஓடும்படி விற்றபோது, நான்கு சக்கரங்களுக்கும் கோனியையே பொருத்தினார். தெருக்காருக்கான திருகு ஷாக் அப்சார்பருக்கு இதைவிடச் சிறந்த நற்சான்று தேட வேண்டியதில்லை.

எதிர்க்கட்சியும் பலமானதே. பிரான்சின் பூர்சியே தெ கார்போன் வகுத்த ஒற்றைக்குழாய் முறையில், உயர்ந்த அழுத்தமுள்ள வாயு எண்ணெயை நெருக்கிப் பிடித்து, அது நுரைத்துப் பலமிழப்பதைத் தடுக்கிறது. 1954-இல் இந்த முறையைக் கையேற்ற ஜெர்மனியின் பில்ஷ்டைன், 1957-இல் மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களுக்கு அதை அளித்தது. அவர்களுடைய தெருக்கார்க் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குத் திருகே கிடையாது. சோதனை செய்து கண்ட அளவை உரிமையாளர் கெடுக்க வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. ஸ்பிரிங்கையும் டயரையும் மாற்றாமல் வைத்திருப்பவருக்கு இந்தக் கொள்கை முற்றிலும் சரி என்றே சொல்லுவேன்.

அப்பால் அதிகாரம் மின்சாரத்தின் கைக்குப் போயிற்று. 1983-இல் டொயோட்டா சோரர் காரில் மின்னணு முறையும், 2002-இல் காடிலாக் செவில் காரில் இரும்புத் துகள் கலந்த எண்ணெயைக் காந்தப் புலத்தால் கெட்டிப்படுத்தும் முறையும் வந்தன. இவற்றில் ஓட்டுபவர் செய்வது பொத்தானை அமுக்குவதோடு முடிகிறது.

ஆகவே வேகக்காருக்கு ஷாக் அப்சார்பர் தெரிந்தெடுக்க விரும்பும் நண்பர், முதலில் ஸ்பிரிங்கை நிர்ணயித்து, அதன் கடினத்துக்கு ஏற்ற எல்லையில் திருகக்கூடியதைத் தேடட்டும். அமுங்குவதற்கு ஒன்று, நிமிர்வதற்கு ஒன்று, வேகத்துக்கு வேகம் வேறொன்று என்று பல திருகுகள் கொண்ட பந்தயக் கருவி தெருவுக்கு வேண்டாம். நிமிரும் எதிர்ப்பை மட்டும் மாற்றும் ஒற்றைத் திருகு போதும். மிக மென்மையான நிலையில் மாட்டி, தினமும் போகிற சாலையிலேயே ஓட்டிப் பார்த்து, பள்ளம் கடந்தபின் காரின் உடல் ஒரே எழுச்சியில் அடங்கும் வரை சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். அதற்கு மேல் கூட்டினால் அடுத்த பள்ளத்துக்குள் சக்கரம் இறங்க அவகாசம் பெறாமல் கார் படிப்படியாகத் தாழ்ந்துபோகும். ஒரே அச்சின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஒரே அளவு வையுங்கள்; ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வையுங்கள்.