ஆவடி காங்கிரஸ் மாநாடு, 1955

இந்திய தேசிய காங்கிரஸின் அறுபதாவது மாநாடு, சென்னைக்கு மேற்கே அரக்கோணம் ரயில் பாதையில் உள்ள ஆவடியில் 1955 ஜனவரியில் கூடியது. தலைவர் யு. என். தேபர். நாட்டின் திட்டமிடல் 'சோஷலிச பாணி சமுதாயம்' அமைப்பதை நோக்கியே நடக்க வேண்டும் என்ற தீர்மானம் இங்கு நிறைவேறியது. உற்பத்தியின் முக்கியச் சாதனங்கள் சமுதாயத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும், உற்பத்தி பெருக வேண்டும், செல்வம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்பவை அதன் சாரம்.

பிரான்சில் 1789இலும் ரஷ்யாவில் 1917இலும் சீனாவில் 1949இலும் நடந்தவற்றோடு இதைச் சேர்த்து எண்ணுவோர் இல்லை. இங்கே அரியணை எதுவும் கவிழவில்லை. ஆனால் புரட்சிகளுக்குக் காரணமாக வரலாற்றாசிரியர்கள் சொல்லும் நிலப்பசி, வேலையின்மை, ஆளுங்கட்சியின் செல்வாக்குச் சரிவு ஆகிய மூன்றும் இந்தத் தீர்மானத்துக்குப் பின்னாலும் இருந்தன. கீழிருந்து வரக்கூடிய புரட்சியை மேலிருந்தவர்கள் முந்திக்கொண்டதுதான் ஆவடி.

முன்வரலாறு

சென்னையில் காங்கிரஸ் கூடுவது புதிதல்ல. 1887இல் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் மூன்றாவது மாநாடு இங்கு நடந்தது. அதையொட்டி, காங்கிரஸ் என்றால் என்ன என்பதைச் சாதாரண மக்களுக்கு விளக்கும் வினாவிடை நூல் தமிழில் வெளிவந்தது. ஆங்கிலம் படித்தவர்களின் சபையாக இருந்த ஓர் இயக்கம் நாட்டு மொழியில் பேச முயன்ற தொடக்க முயற்சிகளில் அது ஒன்று. பிறகு 1894, 1898, 1903 ஆகிய ஆண்டுகளிலும் மாநாடு சென்னைக்கு வந்தது. 1907இல் சூரத்தில் கட்சி பிளந்தபின் மிதவாதிகள் மட்டும் கூடிய 1908ஆம் ஆண்டு மாநாடும், உலகப் போர் மூண்ட 1914ஆம் ஆண்டு மாநாடும் இங்கேதான் நடந்தன. 1927இல் டாக்டர் அன்சாரி தலைமையில் கூடியபோது, முழு விடுதலையே குறிக்கோள் என்ற தீர்மானத்தை ஜவாஹர்லால் நேரு கொண்டுவந்தார். காந்திக்கு அது பிடிக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், லாகூரில், அதுவே கட்சியின் கொள்கையாயிற்று. சென்னை மாநாட்டுத் தீர்மானங்களை அலங்காரப் பேச்சு என்று ஒதுக்குவோர் இந்த முன்னுதாரணத்தை மறந்துவிடுகிறார்கள்.

சோஷலிசப் பேச்சும் இந்த மண்ணுக்கு 1955இல் வந்து இறங்கியதல்ல. 1918 ஏப்ரலில் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. 1922இல் கயா காங்கிரஸில் ம. சிங்காரவேலர் தம்மைக் கம்யூனிஸ்ட் என்று வெளிப்படையாக அறிவித்துப் பேசினார்; அடுத்த ஆண்டு மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். பெரியார் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியபின், 1932இல் ஈரோட்டில் சமதர்ம வேலைத்திட்டம் உருவாயிற்று. அதில் சிங்காரவேலரின் பங்கு பெரிது. காங்கிரஸோ 1931இல் கராச்சியில், முக்கியத் தொழில்கள் அரசின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்கும் என்று வாக்களித்திருந்தது. அந்த வாக்கு இருபத்து நான்கு ஆண்டு கழித்துத்தான் ஆவடியில் தூசி தட்டி எடுக்கப்பட்டது.

உடனடிக் காரணங்கள்

1952 பொதுத்தேர்தலில் சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களைப் பிடித்தது. அவற்றில் பெரும்பகுதி தெலுங்கு மாவட்டங்களிலிருந்து வந்தவை. தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவை வழியாக முதலமைச்சராக்கிச் சமாளித்தது காங்கிரஸ். தெலங்கானா ஆயுதப் போராட்டம் ஓய்ந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. தஞ்சையில் பண்ணையாட்கள் செங்கொடியின் கீழ் திரண்டிருந்தனர். 1953 அக்டோபரில் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. அங்கே 1955 பிப்ரவரியில் நடக்கவிருந்த இடைக்காலத் தேர்தலில் கம்யூனிஸ்டுகளே ஆட்சி அமைப்பார்கள் என்ற பேச்சு பரவலாக இருந்தது.

இதற்கிடையே நேரு 1954 அக்டோபரில் சீனா சென்று வந்தார். அதே ஆண்டு டிசம்பரில் மக்களவையும் சோஷலிச பாணி சமுதாயத்தைப் பொருளாதாரக் கொள்கையின் இலக்காக ஏற்றது. எனவே ஆவடிக்குக் கட்சி வந்தபோது முடிவு ஏறக்குறைய எடுக்கப்பட்டாயிற்று. அதற்கு முந்தைய ஏப்ரலில் முதலமைச்சரான காமராஜரின் அரசே மாநாட்டை எதிர்கொண்ட மாநில அரசு. அவருடைய அரசியல் குருவின் நினைவாக மாநாட்டுத் திடலுக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டனர்.

ஆந்திரத் தேர்தலில் கம்யூனிஸ்டுகள் 196 இடங்களில் 15க்குச் சுருங்கினர். எதிரணியினர் ஒன்றாக நின்றது ஒரு காரணம். ஆனால் அந்த அணிக்கு ஏழைகளிடம் சொல்ல ஒரு பேச்சைக் கொடுத்தது ஆவடிதான்.

விளைவுகள்

1955 ஜூலையில் இம்பீரியல் வங்கி பாரத ஸ்டேட் வங்கியாயிற்று. 1956இல் ஆயுள் காப்பீடு அரசுடைமையாயிற்று. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று வெளியான தொழிற்கொள்கைத் தீர்மானம் 17 தொழில்களை அரசுக்கே ஒதுக்கியது. அரசு படிப்படியாக முன்கை எடுக்க வேண்டியவை என்று இன்னொரு 12 தொழில்களை வகுத்தது. ஒதுக்கப்பட்டவற்றுள் படைக்கலங்களும் அடங்கும். அந்த விதியின் கீழ்தான் 1961இல் ஆவடியிலேயே கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து, 1965இல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பியது. சீருடை தைக்கும் படை உடைத் தொழிற்சாலையும் பக்கத்திலேயே வந்தது. பக்கத்து அம்பத்தூரின் கதை வேறு. டி.ஐ. சைக்கிள் ஆலை மாநாட்டுக்கு முன்பே வந்துவிட்ட தனியார் நிறுவனம். 1960களில் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்தபோது உருவான தொழிற்பேட்டையில், அரசு அமைத்த மனைகளில் சிறு முதலாளிகள் லேத் பட்டறை வைத்தார்கள். ஆவடித் தீர்மானத்தின் உண்மையான முகம் இந்தக் கலவைதான்: டாங்கி அரசுக்கு, திருகாணி தனியாருக்கு.

நிலத்தில் விளைவு மெலிந்தது. சென்னை நில உச்சவரம்புச் சட்டம் 1961இல்தான் வந்தது. அதுவும் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்ற தாராள வரம்புடனும் ஏராளமான விலக்குகளுடனும் வந்தது. 1970இல் வரம்பு 15 ஆகக் குறைந்தது. அதற்குள் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டுவிட்டனர். தொழிற்சாலை கட்டுவது அரசுக்குக் கைவந்தது, மிராசுதாரைத் தொடுவது கைவரவில்லை.

எதிர்வினையும் பழைய காங்கிரஸ்காரரிடமிருந்தே வந்தது. 1959இல் நாகபுரி மாநாடு கூட்டுறவுப் பண்ணைமுறையை ஏற்றதும் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று ஆட்சியைச் சாடினார். 1967இல் அவர் கூட்டுச் சேர்ந்த தி.மு.க. காங்கிரஸை வீழ்த்தியது. முதலமைச்சர் பக்தவத்சலம், பூந்தமல்லியை அடுத்த ஸ்ரீபெரும்புதூரிலேயே தோற்றார். விருதுநகரில் காமராஜர் தோற்றார். அரிசியும் இந்தியும் தீர்மானித்த அந்தத் தேர்தலில் சோஷலிச பாணியைக் காங்கிரஸுக்கு வரவு வைத்தவர்கள் குறைவு. தில்லியில் மட்டும் ஆவடி மொழி தொடர்ந்தது: 1969இல் 14 வங்கிகள் அரசுடைமையாயின, 42ஆவது திருத்தம் அரசமைப்பின் முகவுரையில் 'சோஷலிச' என்ற அடைமொழியைச் சேர்த்தது. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்தது.

இன்றைய நிலை

1991 ஜூலையின் புதிய தொழிற்கொள்கை உரிம முறையைப் பெரும்பாலும் நீக்கியது. 2021 அக்டோபர் 1 முதல் ஆவடி டாங்கித் தொழிற்சாலை, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிகம் என்ற அரசு கம்பெனியின் கீழ் இயங்குகிறது. தொழிற்சங்கங்கள் இந்த மாற்றத்தை எதிர்த்தன.