பொட்டி வாங்கப் போய் சரித்திரம் படிச்ச கதை

ஐசலின் ஓக் ட்ரீ ரோட்டுல மளிகை வாங்கினது போக மிஞ்சற காசுல கேம் ஆட ஒரு பொட்டி கட்டணும். எல்லாத்தையும் ஒரே தடவையில வாங்க வசதியில்லை. அப்போ எதுல முதல்ல காசு போடறது?

1981-ல வந்த ஐபிஎம் பிசியில 5 ஸ்லாட் வச்சு, உள்ளமைப்பையும் புத்தகமாப் போட்டாங்க. யார் வேணா கார்டு செய்யலாம்னு ஆச்சு. 1995-ல இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவால, பழைய கேபினெட்லயே புது போர்டு உட்காருது.

சாக்கெட் கதைதான் வேற. 2017-ல வந்த இன்டெல் 8-ம் தலைமுறை, அதே 1151 சாக்கெட்னு பேரு இருந்தும் முந்தின போர்டுகளுக்குச் சேரலை. ஏஎம்டியோட ஏஎம்4 2016-ல வந்தது. 2022-ல வந்த ரைசன் 5800எக்ஸ்3டி கூட பல பழைய போர்டுகள்ல பயாஸை மாத்தினா ஓடுது.

அதனால என் காசு ஏஎம்5 போர்டுக்கும் நல்ல பவர் சப்ளைக்கும். கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு செகண்ட் ஹேண்ட்தான். என்ன நான் சொல்றது?